பொட்டின் மேல் அடித்த பூச்சு

சரவணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இன்று காலையில்தான் என் கண் முன்னால் இட்லியை வயிறாரத் தின்றுவிட்டு, தட்டைக்கூட எடுத்து வைக்காமல் பைக்கை முறுக்கிக்கொண்டு போனாய். நலமாகத்தான் இருக்கிறாய். எனக்குத்தான் நலமில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. வீட்டில் பேச்சை எடுத்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாய். சரி, கடையில் வைத்துப் பேசலாம் என்று சின்னமனூர் பைபாஸ் வரைக்கும் பஸ் ஏறி வந்தேன். 'ஓடைப்பட்டி' என்று நான் வாயைத் திறந்ததும் முகமூடியை மாட்டிக்கொண்டு கம்ப்ரஸரைப் போட்டுவிட்டாய். அந்த இரைச்சலில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. பக்கத்து டயர் கடைக்காரர் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூல் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். காகிதத்துக்கு எதிரே கம்ப்ரஸர் போட முடியாது. அதனால் எழுதுகிறேன். சாப்பாட்டுக் கூடையில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வைத்திருக்கிறேன். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, முழுவதையும் படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் உனக்கும் ரேவதிக்கும் கல்யாணம். ரேவதியின் அப்பா, ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், உனக்கு மாமனாராகப் போகிறவர், அவருடைய பிக்கப் வண்டிக்கு நீ அடித்துக் கொடுத்த பூச்சு பெயர்ந்துகொண்டிருக்கிறது. அது அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். எல்லோரும் தெரியாதது போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் அந்த வண்டியைக் கடைக்கு வரவழைத்து, பெயர்ந்த பூச்சை அறுத்து எடுத்து, அடியில் பிடித்திருக்கிற துருவைத் தேய்த்து, மறுபடி ஒழுங்காக அடித்துக் கொடு. அதற்கும் முன்னால், தப்பு என்னுடையது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல். அது நடக்கிற வரைக்கும் நான் ஒரு பத்திரிகையைக்கூட யாருக்கும் வைப்பதாக இல்லை. ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு சாமி அறையில் அப்படியே இருக்கிறது. உங்கப்பா போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

உன் தொழிலைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 'உங்க மகன் என்ன பண்றாரு' என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான்தானே விளக்கம் சொல்கிறேன். பிக்கப் வண்டியில் பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டி இருக்கிறதல்லவா, அதில் பெட்டியும் மூட்டையும் உரசி உரசிப் பெயிண்ட் போய்த் தகரம் துருப்பிடிக்கும். என் மகன் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்து அதன் மேல் கறுப்பாக, கெட்டியாக ஒரு பூச்சு அடிக்கிறான். அடித்த உடனே இறுகிவிடும், உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும், பெட்டி வழுக்காது, தகரத்தில் தண்ணீர் இறங்காது என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். தார் பூசுகிறாரா என்று கேட்ட ஒருத்தியோடு கல்யாண வீட்டுப் பந்தியிலேயே சண்டைக்குப் போயிருக்கிறேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உனக்கு வேலை தெரியாது என்றால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. தெரியும் என்பதால்தான் வயிறு எரிகிறது. அடிக்கிற நேரம் கொஞ்சம்தான், அதற்கு முன்னால் சுத்தம் பண்ணுவதுதான் முக்கால்வாசி வேலை என்று எனக்குச் சொன்னதே நீதான். பெயிண்ட்டின் பளபளப்புப் போகிற வரைக்கும் தேய்ப்பாய். மூலையிலும் மடிப்புக்கு அடியிலும் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாய். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்துவிட்டு, அடித்து முடித்ததும் மறக்காமல் திறப்பாய். தூசியை ஊதித் தள்ளி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். கொஞ்சம் அழுக்குத் தெரிந்தாலும் மறுபடி துடைப்பாய். அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது, வியர்வைக் கை பட்டால்கூட அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது என்பாய். ஒருமுறை நான் தெரியாமல் சாப்பாட்டுக் கூடையைத் துடைத்து வைத்த தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டேன் என்று, பெற்றவள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினாய். எனக்குக் கோபமே வரவில்லை. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்குப் பிறந்த பிள்ளை இப்படித்தான் இருப்பான் என்று பெருமையோடு கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

உத்தமபாளையத்து மீன் வியாபாரி பாயை மறந்துவிட்டாயா? அவர் வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு மலைப் பக்கமிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஈரக்காற்றில் அடித்தால் கொப்புளம் போடும், வண்டி இங்கேயே நிற்கட்டும், வெயில் வந்ததும்தான் அடிப்பேன் என்று நீ பிடிவாதமாக நின்றாய். மனுஷன் குதிகுதியென்று குதித்தார். "மீனு என்ன தம்பி, ஒனக்கு வெயிலு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்துப் போனார். நீ அசையவில்லை. இப்போது அதே பாய் தன் தம்பி வண்டியையும் உன்னிடம்தான் விட்டிருக்கிறார். உன் கைக்கு வந்த பெயர் அன்றைக்கு அவரிடம் முடியாது என்று சொன்னதில் வந்தது. அசலாருக்கு முடியாது என்று சொல்லத் தெரிந்த வாய், சொந்தம் என்று வந்ததும் எங்கே போய் ஒட்டிக்கொண்டது?

உன் மாமனார் வண்டிக்கு என்ன நடந்தது என்று நீயே அன்றைக்குச் சாயங்காலம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாய். அதைத்தான் உனக்கே திருப்பிச் சொல்கிறேன். தேய்த்தாயிற்று, ஊதியாயிற்று, துடைத்தாயிற்று. சுற்றிலும் காகிதம் ஒட்டி, துப்பாக்கியைக் கையில் எடுக்கிற நேரம். கோயிலில் அர்ச்சனை முடித்துக்கொண்டு, தட்டும் கையுமாக அவர் வந்து இறங்கினார். வண்டிக்குப் பூசை போடுவது நம் ஊரில் புதிதில்லை. எல்லோரும் வேலை முடிந்த பிறகு போடுவார்கள். அவர் வீட்டிலிருந்தே யோசனை பண்ணிக்கொண்டு வந்திருந்தார். "அந்தச் சொரசொரப்புல பொட்டு நிக்காதாம்ல மாப்ள. அதான் அடிக்கிறதுக்கு முன்னாடியே தகரத்துல வச்சுப்புடுவோம். சாமி அடியில இருந்து காக்கட்டும்" என்றார். நீ 'சரிங்க மாமா' என்றாய். நாலு மூலையிலும் நடுவிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தார். தொட்டியின் விளிம்பில் தேங்காய் உடைத்து, இளநீரை உள்ளே தெளித்தார். சூடம் காட்டினார். நீ கைகூப்பிக்கொண்டு நின்றாய். அவர் ஓரமாகப் போய் நின்றதும், அத்தனைக்கும் மேலேயே அடித்தாய்; அதை மட்டும் அன்றைக்கு நீ சொல்லவில்லை.

வியர்வைக் கை பட்டால் பிடிக்காது என்று சொன்ன நீ, சந்தனக் குழம்பின் மேல் அடித்தாய். சாரலுக்குப் பயந்து ஒரு வண்டியை நிறுத்தி வைத்த நீ, இளநீர் ஈரத்தின் மேல் அடித்தாய். பெயர்ந்ததைப் பார்த்துவிட்டு வந்து நான் கேட்டபோது, மாமனார் வைத்த பொட்டை அவர் கண் முன்னாலேயே எப்படித் துடைப்பது என்றாய். பூசையைப் பற்றி நீ சொன்ன அன்றைக்கு எனக்கு இது எதுவும் உறைக்கவில்லை. என்ன பக்தியான மனுஷன், இப்படி ஒரு சம்பந்தம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நானும் பூரித்துப்போனேன். துடைத்துவிட்டுத்தானே அடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த ஒரு பிழை என் பக்கம். மிச்சமெல்லாம் உன்னுடையது.

முகூர்த்தப் புடவை எடுக்கத் தேனிக்குப் போய்விட்டு நான் ரேவதி வீட்டாரோடு ஓடைப்பட்டிக்குப் போனேன் அல்லவா, அன்றைக்குத்தான் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் உன் மாமனார் வண்டியோடு வந்து நின்றார். புடவைப் பைகளைப் பின்னால் வைக்கலாம் என்று போனேன். மனுஷன் ஓடி வந்து, "அங்கன வைக்காதீக தங்கச்சி, மடியிலயே வச்சுக்கங்க" என்று பையை வாங்கி என் கையிலேயே திணித்தார். அப்போதுதான் கவனித்தேன். தொட்டியில் ஒரு பெட்டி, ஒரு மூட்டை இல்லை. ஆனாலும் அடியில் தார்ப்பாய் விரித்து, நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்குப் போர்வை? நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு, கட்டுப் போட்ட இடத்தைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. வீட்டுக்குப் போனதும், அவர் காப்பி சொல்லிவிட்டு வரப் போன நேரத்தில் ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினேன்.

கல்லில் ஒட்டாத தோசையின் ஓரம் மாதிரி உன் பூச்சு தூக்கிக்கொண்டு நின்றது. விரல் வைத்தேன், உள்ளங்கை அகலத்துக்குக் கையோடு வந்தது. அடியில் தகரம் செம்மண்ணாகத் துருப்பிடித்துக் கிடந்தது. தேங்கிய தண்ணீரில் புளித்த திராட்சை வாடை அடித்தது. பெயர்ந்து வந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் அடிப்பக்கத்தில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், வைத்தது வைத்தபடி இருந்தது. சாமி தகரத்தில் இல்லை, உன் பூச்சோடு வந்துவிட்டது. நடுவிலும் இதே கதி. பொட்டு வைத்த இடத்தில் தொடங்கி, பெட்டியை இழுக்க இழுக்கச் சுற்றிலும் கிழிந்துகொண்டே போயிருக்கிறது. பொட்டு இல்லாத இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. என் பின்னால் ரேவதி வந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீ மீதியைப் படிக்க மாட்டாய்.

உன் மாமனார் காப்பித் தம்ளரோடு வந்தவர், அவிழ்ந்து கிடந்த கயிற்றையும் என் கையிலிருந்த துண்டையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தப்பு செய்தவர் போல அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். வெயிலுக்கு லேசாகத் தூக்கியிருக்கிறது, பெரிய விஷயமில்லை என்று என்னைச் சமாதானப்படுத்தினார். "மாப்ளகிட்டச் சொல்லிப்புடாதீக தங்கச்சி. கல்யாண நேரத்துல பிள்ள மனசு சங்கடப்படும்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். பிறகு அடுப்படியில் சம்பந்தியம்மாவிடம் கேட்டால் கதை நீளுகிறது. குமுளிக்கு ஏற்றிவிட்ட திராட்சைப் பெட்டிகளில் கறுப்புக் கறுப்பாகச் செதில் ஒட்டியிருக்கிறது என்று அங்குள்ள வியாபாரி பெட்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பெட்டி பழசு, அதிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று பழியைப் பெட்டி மேல் போட்டுவிட்டு வந்திருக்கிறார் இவர். அதோடு விட்டாரா? உன் வேலை அருமை என்று பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கெல்லாம் சொல்லி, இரண்டு பேரை உன் கடைக்கே அனுப்பி வைத்திருக்கிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மாப்பிள்ளை உடைத்தால் குடம் உடையவே இல்லை போலிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த மனுஷன் உனக்காகத் தார்ப்பாயில் மறைத்துக்கொண்டு திரிகிறார். அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் தேங்கித் தேங்கி வண்டியை இன்னும் அரிக்கிறது.

பூச்சு பெயர்ந்திருக்கிறது என்று அன்றைக்கு ராத்திரி உன்னிடம் சொன்னதுமே நீ அதிர்ச்சி அடைவாய் என்று நினைத்தேன். நீ அடையவில்லை. போன மாதமே தெரியும் என்றாய். வண்டி சந்தையில் நின்றபோது பார்த்தேன் என்றாய். "மாமா ஒண்ணுமே சொல்லலியேம்மா. அவுகளே சொல்லாதப்ப நான் போய்ச் சொன்னா அவுகளுக்குத்தான சங்கடம்" என்றாய். கல்யாணத்துக்கு முன்னால் பொட்டு வைத்த இடத்தைச் சுரண்டினால் அபசகுனம் என்று யாராவது பேசுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். அதாவது அவர் உன் முகத்துக்காகப் பேசாமல் இருக்கிறார், நீ அவர் முகத்துக்காகப் பேசாமல் இருக்கிறாய். நடுவில் வண்டி செத்துக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் மரியாதையா? முகதாட்சண்யம் பார்த்துப் பார்த்தே கெட்டுப்போன வீடுகளை எண்ணினால் கம்பம் பள்ளத்தாக்கு கொள்ளாது. உங்கப்பாவும் இந்தக் கட்சிதான். கல்யாணம் முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார். கல்யாணம் முடிந்தால் நீ அந்த வீட்டு மாப்பிள்ளை. இப்போதே வாய் திறக்காதவர்கள் அப்புறம் திறப்பார்களா? இப்போது ஒரு பொட்டு, அப்புறம் ஒரு ஆயுசு.

நான் வேலை பார்த்த தியேட்டர் வாசலைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் ரத்தம், ஊசி பற்றிப் பேசக்கூடாது என்பது உங்கப்பா உத்தரவு. ஆபரேஷனுக்கு உள்ளே போகிற ஆள் எவராக இருந்தாலும் வாசலில் சொந்தக்காரர்கள் திருநீற்றைப் பூசி அனுப்புவார்கள். நெற்றியோடு நிறுத்த மாட்டார்கள். எங்கே கத்தி படப் போகிறதோ அங்கேயே, வயிற்றில், தொடையில் அப்பி விடுவார்கள். அதைத் துடைக்கிற வேலை எனக்கு. துடைத்தால்தான் மருந்து தடவ முடியும், மருந்து தடவினால்தான் டாக்டர் கத்தியை எடுப்பார். பண்ணைப்புரத்திலிருந்து ஒருவர் தன் மகனைக் குடல்வால் ஆபரேஷனுக்குக் கொண்டுவந்திருந்தார். பையன் வயிறு முழுக்க வெள்ளையாகத் திருநீறு. நான் பஞ்சை எடுத்ததும் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டார். "இத மட்டும் தொடச்சிராத தாயி. குலசாமி கோயில்ல இருந்து நடந்தே கொண்டாந்தேன்" என்றார்.  அவர் மனசு நோகக்கூடாது என்று நான் அன்றைக்குப் பஞ்சைக் கீழே வைத்திருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பேன். அந்தப் பையனின் வயிறு சீழ் பிடித்திருக்கும்.

ஈரப் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, முதலில் காய்ந்த கையால் அந்தத் திருநீற்றை வழித்தேன். ஒரு காகிதத்தில் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "அண்ணே, சாமி வெளிய உங்க கூட இருக்கட்டும். உள்ள நான் பாத்துக்கிறேன்" என்றேன்.  அவர் அதை எடுத்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டு ஸ்ட்ரெச்சரை விட்டார். பிறகு நான் பஞ்சு வைத்துத் துடைத்தேன், அவர் பார்க்கத் துடைத்தேன். அன்றிலிருந்து ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படித்தான் செய்தேன். ஒருத்தரும் என்னைச் சபிக்கவில்லை. எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள், முறைக்கவும் செய்தார்கள். ஆனால் ஏன் என்று சொல்லிவிட்டுத் துடைத்தால் ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள். சொல்லத்தான் வாய் வேண்டும். மாமனார் வைத்த சந்தனத்தை வழித்து அவர் நெற்றியிலேயே வைத்து, 'சாமி உங்ககிட்ட இருக்கட்டும் மாமா, தகரத்த நான் காப்பாத்துறேன்' என்று சொல்ல உனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அவர் சந்தோஷமாகத் தலையைக் காட்டியிருப்பார். இதை உனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சரி பண்ணும்போதும் ஒப்பேற்றலாம் என்று பார்க்காதே. பெயர்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அடித்து மூடிவிடலாம் என்று உன் மனசு சொல்லும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதன் ஓரத்தில் தண்ணீர் மறுபடி இறங்கும். நன்றாகப் பிடித்திருக்கிற இடம் வருகிற வரைக்கும் அறுத்துக்கொண்டே போ. புண்ணைச் சுத்தம் பண்ணும்போது நல்ல சதை வருகிற வரைக்கும் டாக்டர் நிறுத்த மாட்டார். தொட்டி முழுவதையும் உரிக்க வேண்டியிருந்தால் உரித்துவிடு. எத்தனை வண்டி வாசலில் காத்திருந்தாலும் காத்திருக்கட்டும். நீ கத்துவதற்கு முன்னால் நானே சொல்கிறேன், இந்த முறை நான் கூடையை எதன் மேலும் வைக்க மாட்டேன்.

இனி ரேவதி சொன்னது. நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. உன்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தார்ப்பாயை என் கையிலிருந்து வாங்கிப் பழையபடி இழுத்து விட்டுக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டாள். "அத்தே, அவுக செஞ்ச வேலைய எங்கப்பா இப்பவே மூடி வைக்கிறாக. நாளைக்கு அங்கன வந்தப்புறம் நான் எதையெதை மூடி வைக்கணும்?"   பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தக் கேள்விதான் காதில் இருந்தது. அவள் கேட்டது என்னை இல்லை, உன்னை. நீ கம்ப்ரஸரைப் போட்டுக்கொண்டு நிற்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணை எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் பிடித்தது. அவளை இழக்க எனக்கு மனசில்லை, சரவணா. கல்யாணம் நின்றுபோகும் என்று நான் சொல்லவில்லை. கல்யாணம் நடக்கும், பந்தி நடக்கும், போட்டோ எடுப்பார்கள். அதற்கு அடியில் அவள் மனசு பிடிக்காமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் நீ எத்தனை பூச்சு அடித்தாலும் நிற்காது.

அதனால் உன்னைக் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கோபப்படுவதானால் இன்றைக்கே பட்டுவிடு. நேற்று உன் மாமனாருக்குப் போன் போட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைச் சரவணன் கடைக்குக் கொண்டு வாருங்கள், அவன் உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டுமாம் என்றேன். தார்ப்பாய் இல்லாமல் கொண்டு வாருங்கள் என்றும் சொன்னேன்.  "சரி தங்கச்சி. சொல்லிட்டீகல்ல, வந்துர்றேன்" என்றார். மனுஷனுக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் உனக்காகச் சுமந்ததை இறக்கி வைக்க அவருக்கும் ஒரு இடம் வேண்டியிருந்திருக்கிறது. நீ என்ன பேச வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. அது உன் வாயிலிருந்து வர வேண்டும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள். அவர் மாறப் போவதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அவர் வண்டிச் சாவியைத் தொடுகிற ஆள் இல்லை. பழையதையெல்லாம் அறுத்து எடுத்து, துருவைத் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்து, நீ துப்பாக்கியை எடுக்கிற நேரம் பார்த்து, மறுபடி அந்தச் சந்தனக் கிண்ணத்தோடுதான் வந்து நிற்பார். சாமி அடியில் இருந்து காக்கட்டும் என்பார். அவரை நான் தடுக்க மாட்டேன். உங்கப்பாவையும் தடுக்க விட மாட்டேன். அவர் வைக்கட்டும்.

நான் டயர் கடைக்காரரின் ஸ்டூலை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பத்திரிகைக் கட்டை மடியில் வைத்திருப்பேன். உன் கை அந்தப் பொட்டைத் துடைத்தால், முதல் பத்திரிகையை அங்கேயே அவருக்கு வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் உத்தமபாளையத்துப் பாய் வீட்டுக்குப் போவேன். ரேவதியையும் கூப்பிட்டேன். தோட்டத்தில் அறுப்பு இருக்கிறது, முடியாது என்றாள். சாயங்காலம் அவளே போன் பண்ணி, அப்பாவோடு வந்து ஓரமாக நிற்கிறேன் அத்தை, ஒன்றும் பேச மாட்டேன் என்றாள்.

அவள் வருவது வண்டியைப் பார்க்க இல்லை, உன்னைப் பார்க்க.

அம்மா